கரும்பின் குலம் தேடிய ஜானகி அம்மாள்

(திருவேங்கடத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாசுதேவநல்லூர், சிவகிரிப் பக்கம் கரும்பு வைத்த அண்ணாச்சிமார் சிலர் இங்கே வந்திருக்கிறீர்கள். கரும்பு பூத்து நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெட்டு தள்ளிப்போன வயலில் தோகைக்கு மேலே வெள்ளி நிறத்தில் நீளமாக ஒரு கதிர் எழும்பி நிற்கும். உங்களுக்கு அது கவலை. பூத்த கரும்பை நாளாக ஆக விட்டுவைத்தால் சாறு குறையும், எடை குறையும். ஆனால் புதுக் கரும்பு ரகம் உண்டாக்க நினைப்பவருக்கு அந்தப் பூதான் எல்லாம். நாம் கரணை வைத்துக் கரும்பு நடுகிறோம். கரணையிலிருந்து முளைப்பது தாய்க் கரும்பேதான், அதில் மாற்றம் ஏதும் இருக்காது. மாற்றம் வேண்டுமென்றால் ஒரு கரும்பின் மகரந்தம் இன்னொன்றின் பூவில் சேர்ந்து விதை பிடிக்க வேண்டும். வட இந்தியாவில்தான் கரும்புச் சாகுபடி அதிகம், ஆனால் அங்கே கரும்பு நல்ல விதை பிடிப்பது அரிது. கோயம்புத்தூரில் பிடிக்கும். அதனால்தான் 1912-இல் இந்தியாவுக்கான கரும்பு இனப்பெருக்க நிலையத்தைக் கோயம்புத்தூரில் வைத்தார்கள்.

அந்த நிலையத்துக்கு 1934-இல் ஒரு பெண் விஞ்ஞானி வேலைக்கு வந்தார். வயது 37. பெயர் இடவலத்து கக்காட்டு ஜானகி அம்மாள். அவரைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். அவர் வாழ்க்கையை வெறும் பட்டங்களின் பட்டியலாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. கரும்பு வயலில் வேலையைத் தொடங்கியவர், எண்பதாவது வயதில் ஒரு மழைக்காட்டைக் காப்பாற்றக் குரல் கொடுத்தார். இந்த இரண்டையும் தனித்தனிச் செய்திகளாகவே பல கட்டுரைகள் சொல்கின்றன. எனக்கு அவை ஒரே வேலையாகத் தெரிகின்றன. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

அவர் பிறந்தது 1897 நவம்பர் 4 அன்று, தலச்சேரியில். அப்போது அது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். தந்தை இ.கே. கிருஷ்ணன் சப்-ஜட்ஜாக இருந்தவர். வீட்டில் தோட்டம் போட்டுப் பேணியவர், வடமலபாரின் பறவைகளைப் பற்றி எழுதியவர். பெரிய குடும்பம், நிறைய உடன்பிறந்தவர்கள். அக்காமார் ஒவ்வொருவராகத் திருமணமாகிப் போக, ஜானகி சென்னைக்குப் படிக்கப் போனார். முதலில் ராணி மேரிக் கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ். 1921-இல் அதை முடித்துவிட்டு மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். கீழ்த்திசை நாடுகளின் பெண்களுக்கென்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பார்பர் உதவித்தொகை என்று ஒன்று இருந்தது. அது அவருக்குக் கிடைத்தது. வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர் கப்பல் ஏறினார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. மிச்சிகனில் முதுகலை முடித்து, 1931-இல் டி.எஸ்சி. பட்டமும் பெற்றார். தாவரவியலில் அந்த நிலைக்குப் போன முதல் இந்தியப் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். திரும்பி வந்து திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் இரண்டாண்டு பேராசிரியர். அதன்பிறகுதான் கோயம்புத்தூர்.

இங்கே சற்று நின்று, அவர் செய்த வேலை என்னவென்று பார்ப்போம். உயிரணுவுக்குள் குரோமோசோம் என்ற இழைகள் உண்டு. தாய் தந்தையின் குணங்கள் பிள்ளைக்குப் போவது அவற்றின் வழியாகத்தான். ஒவ்வொரு செடிக்கும் அந்த இழைகளின் எண்ணிக்கை ஒரு கணக்கில் நிற்கும். நெல்லுக்கு 24, கத்தரிக்கு 24. நம் சோளத்துக்கு 20, மக்காச்சோளத்துக்கும் 20. வளரும் வேரின் நுனியை நறுக்கி, அமிலத்தில் ஊறவைத்து, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் நசுக்கிப் பரப்பி, நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுவார்கள். உயிரணு பிளவுபடும் அந்தக் கணத்தில்தான் இழைகள் தனித்தனியாகத் தெரியும். தெரிவதும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். 20, 24 என்றால் எண்ணிவிடலாம். கரும்புக்கு 80.

இந்தக் கணக்கு எதற்கு உதவும் என்று கேட்கலாம். நம் கரிசலிலேயே அதற்கு விடை இருக்கிறது. கருங்கண்ணிப் பருத்தியை அறியாத சம்சாரி இங்கே கிடையாது. அதற்கு குரோமோசோம் 26. கம்போடியாப் பருத்தி, அதாவது அமெரிக்க வகைப் பருத்தி, அதற்கு 52. கருங்கண்ணியின் வறட்சி தாங்கும் குணத்தையும் கம்போடியாவின் நீண்ட இழையையும் ஒரே செடியில் சேர்க்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் இரண்டையும் ஒட்டினால் பிறக்கும் செடிக்கு 39. அது ஒற்றைப்படை, இணை சேராது. செடி தழைத்து நிற்கும், ஆனால் விதை பிடிக்காது. 1901 முதல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கருங்கண்ணியை மேம்படுத்த அங்கே பல தலைமுறை ஆட்கள் உழைத்திருக்கிறார்கள். எந்தச் செடி எந்தச் செடியோடு சேரும், எது சேராது என்பதைக் குரோமோசோம் கணக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். அது தெரியாமல் ஒட்டுக்கட்டுவது இருட்டில் ஊசி கோர்ப்பது மாதிரி.

இனி கரும்பு. அந்தக் காலத்தில் இந்தியா ஜாவாவிலிருந்து சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தது. உலகிலேயே அதிக நிலத்தில் கரும்பு வைத்திருந்த நாடுகளில் ஒன்று, வெளியிலிருந்து சர்க்கரை வாங்கியது. காரணம் ரகம். வடக்கே விளைந்தவை மெல்லிய நாட்டுக் கரும்புகள். பனியைத் தாங்கும், ஆனால் மகசூல் குறைவு. தெற்கே விளைந்த தடித்த கரும்புக்குச் சாறு அதிகம், ஆனால் வடக்கின் பனியிலும் வறட்சியிலும் அது நிற்காது. கோயம்புத்தூர் நிலையத்தின் முதல் தலைவர் சார்லஸ் பார்பரும், அவருக்குத் துணையாக இருந்து பின்னர் தலைவரான டி.எஸ். வெங்கடராமனும் யாரும் எதிர்பாராத இடத்தில் தீர்வு தேடினார்கள். ஆற்றோரத்திலும் கண்மாய்க் கரையிலும் தானாக முளைத்துக் கிடக்கும் நாணலில் தேடினார்கள். மாடுகூட அதன் முற்றிய தாளைத் தொடாது. ‘வெள்ளை’ என்ற இனிப்புக் கரும்போடு கோயம்புத்தூர் நாணலை ஒட்டினார்கள். அப்படிப் பிறந்த ‘கோ 205’ ரகம் 1918-இல் பஞ்சாபுக்குப் போனது. ‘கோ’ என்றால் கோயம்புத்தூர். இன்று நம் ஊர் ஆலைக் கரும்பில் எல்லாரும் சொல்லும் 86032 ரகம்வரை அந்த ‘கோ’ தொடர்கிறது. காட்டு நாணலின் இரத்தம் கலக்காத கரும்பு இன்று வயலில் ஏறக்குறைய இல்லை.

ஜானகி அம்மாள் வந்தபோது ஒட்டு வெற்றி கண்டுவிட்டது. அது ஏன் வெற்றி கண்டது, இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் கண்டுபிடிப்பது அவர் பங்கானது. நாணலை எடுத்துக்கொண்டார். வெவ்வேறு இடங்களில் விளைந்த நாணல்களின் வேர்நுனிகளை எண்ணினார். கோயம்புத்தூர் நாணலுக்கு 64. வேறு ஊர் நாணலுக்கு வேறு எண். இன்று அறியப்பட்டவரை நாணலின் எண்ணிக்கை 40-இலிருந்து 128 வரை பரந்து கிடக்கிறது. நமக்குப் பார்க்க எல்லாம் ஒரே நாணல்தான். உள்ளுக்குள் அது ஒரு பெரிய வம்சம். பனி தாங்கும் கிளை ஒன்று, உப்புத் தண்ணீர் தாங்கும் கிளை ஒன்று என்று பிரிந்து கிடக்கும் வம்சம். அவருடைய ஆய்வுகள், இந்த வம்சத்தின் பிறப்பிடம் இந்தியாதான் என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தன.

அதோடு நிற்கவில்லை. கரும்பும் ஒரு புல்தானே, அப்படியானால் அதன் உறவு எதுவரை போகும் என்று பார்த்தார். கரும்பையும் தர்ப்பைப் புல்லையும் ஒட்டினார். கரும்பையும் சோளத்தையும் இணைக்கும் வேலை அங்கே முன்பே தொடங்கியிருந்தது. பத்துப் பன்னிரண்டு மாதம் நிற்கும் கரும்பைச் சோளத்தைப்போல் சீக்கிரம் முதிர வைக்கலாமா என்பது வெங்கடராமனின் எண்ணம். மூங்கிலோடும் ஒட்டிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளின் குரோமோசோமை எண்ணி ஜானகி அம்மாள் 1938-இல் லண்டனின் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அதே ஆண்டு, அதே இதழில், கரும்பையும் மக்காச்சோளத்தையும் ஒட்டியதைப் பற்றி இன்னொரு கட்டுரை. இன்று திருவேங்கடத்திலிருந்து குருவிகுளம்வரை மானாவாரியில் மக்காச்சோளம் விரிந்து கிடக்கிறதே, அந்தப் பயிர். அந்தப் பூவின் மகரந்தத்தைக் கரும்புக் கதிரில் சேர்த்து, பிடித்த விதையை முளைக்கவைத்து, அந்த நாற்றின் வேர்நுனியில் இரண்டு குலத்தின் இழைகளும் இருப்பதை ஒருவர் கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார். அந்த ஒட்டுகள் எதுவும் ஆலைக்குப் போகும் ரகமாகவில்லை. அதை நினைத்து அந்த வேலையைக் குறைத்துச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எவையெல்லாம் உறவு, எதை எதோடு சேர்க்கலாம் என்ற எல்லைக்கோட்டை அவை வரைந்து கொடுத்தன. அடுத்து வந்தவர்கள் அந்தக் கோட்டை வைத்துத்தான் வேலை செய்தார்கள். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நாணல் சேகரிக்கவென்றே தனித்திட்டம் போட்டு, கோயம்புத்தூர்க்காரர்கள் ஆறு ஆறாக, காடு காடாகப் போனார்கள். கரும்பின் காட்டு உறவுகளையும் பழைய ரகங்களையும் காக்கும் பெரிய தொகுப்பு ஒன்று இன்று கண்ணூரில், கோயம்புத்தூர் நிறுவனத்தின் கிளை நிலையத்தில் இருக்கிறது.

கோயம்புத்தூர் அவருக்கு எளிதான இடமாக இருக்கவில்லை என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள். ஆண்களே நிறைந்த அலுவலகம். தனியாக வாழும் பெண். தீயர் சாதியில் பிறந்தவர், அன்றைய மேல்சாதி அதிகாரிகளின் பார்வையில் பின்தங்கிய சாதி. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இந்த மூன்றும் அவரை இறுக்கின. ஆய்வுக்கு மதிப்பு வேறிடத்திலிருந்து வந்தது. சி.வி. ராமன் பெங்களூரில் இந்திய அறிவியல் அகாதமியைத் தொடங்கிய மறு ஆண்டே, 1935-இல், அவரை அதன் உறுப்பினர்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டார்.

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் மரபியல் மாநாடு. அதற்குப் போனார். மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே ஐரோப்பாவில் போர் மூளும் நிலை வந்தது. அவர் திரும்பி வரவில்லை. லண்டனை ஒட்டிய மெர்ட்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில், சிரில் டார்லிங்டன் என்ற பெரிய மரபியலாளரோடு வேலைக்குச் சேர்ந்தார். லண்டன்மேல் குண்டு விழுந்த இரவுகளில் கட்டிலுக்கடியில் பதுங்கிக்கொள்வார், காலையில் ஆய்வகத்துக்குப் போய் அலமாரிகளில் சிதறிக்கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார் என்று உறவினர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அந்த உழைப்பில் 1945-இல் வெளிவந்தது ‘பயிரிடும் செடிகளின் குரோமோசோம் அட்லஸ்’. அட்டையில் இரண்டு பெயர்கள்: டார்லிங்டன், ஜானகி அம்மாள். சுமார் 10,000 தாவர இனங்களின் குரோமோசோம் எண்ணிக்கை அதில் இருக்கிறது. உலகில் எந்த மூலையில் பயிர் ரகம் உண்டாக்குபவரும் அன்று கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்த நூல் அது. தாவரங்கள் மனிதர்களோடு எந்த வழியில் நடந்து போயின என்பதைக் கணக்கின் மூலம் காட்டிய நூல் என்று நான் அதைச் சொல்வேன்.

பிறகு விஸ்லியில் அரசத் தோட்டக்கலைச் சங்கத்தில் சேர்ந்தார். அங்கே சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட முதல் பெண் விஞ்ஞானி அவர். அங்கு அவர் பயன்படுத்திய மருந்து கால்ச்சிசின். குரோமோசோமை இரட்டிப்பாக்கும் நஞ்சு அது. நம் ஊர் வேலிகளில் ஏறும் செங்காந்தள், கண்வலிக்கிழங்கு என்போமே, அதிலும் இந்தப் பொருள் இருக்கிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் இதற்காகவே அதைப் பயிர் செய்கிறார்கள். மக்னோலியா என்ற பூமரத்தின் நாற்றுகளில் இதை இட்டார். விஸ்லியின் பாட்டில்ஸ்டன் குன்றில் அவர் வளர்த்த மக்னோலியாக்கள் நின்றன. அவற்றில் ஒரு வகைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

1951-இல் ஜவஹர்லால் நேருவின் அழைப்பில் இந்தியா திரும்பினார். இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைத் திருத்தி அமைப்பது பணி. 1952-இல் அதற்கான சிறப்பு அதிகாரி ஆனார். அந்தத் துறை 1890-இல் வெள்ளைக்காரர் வைத்தது. நம் காட்டுச் செடிகளைப் பறித்து, காயவைத்து, லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்புவது அதன் பழக்கம். நம் செடிகளைப் பற்றிப் படிக்க நம் பிள்ளைகள் கடல் கடக்க வேண்டும் என்ற நிலை மாறவேண்டும் என்று அவர் நினைத்தார். காய்ந்த இலையை மட்டும் பாராமல், உயிரோடிருக்கும் செடியின் உயிரணுவையும் பார்க்கவேண்டும் என்றார். அலகாபாத்தில் மத்தியத் தாவர ஆய்வகத்தை நடத்தினார். 

அந்தக் காலத்தில்தான் அவர் பார்வை வயலிலிருந்து காட்டுக்குத் திரும்பியது என்பார்கள். திரும்பவில்லை. காடு அவர் வயலோடு எப்போதும் ஒட்டியே இருந்தது. இமயமலையில் வடமேற்கே குளிரும் வறட்சியும், வடகிழக்கே குளிரும் ஈரமும். ஈரமான வடகிழக்கில் குரோமோசோம் பெருகிய செடிகள் அதிகம் என்று கண்டார். புதிய இனங்கள் பிறந்துகொண்டே இருக்கும் இடம் அது என்று எடுத்துச் சொன்னார். அஸ்ஸாம் பகுதியில் ஒரு மக்னோலியா மரத்தைத் தேடி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் போயிருக்கிறார். அந்த வட்டாரத்திலேயே அந்த இனத்தில் அந்த ஒரு மரம்தான். போய்ச் சேர்ந்தபோது அது எரிந்துபோயிருந்தது. டார்லிங்டனுக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சொல்லியிருக்கிறார். இதை நான் முதலில் படித்தபோது கோயம்புத்தூர் நாணல்தான் நினைவுக்கு வந்தது. 1912-இல் அந்த நாணல் காலியாகியிருந்தால் ‘கோ 205’ ஏது?

1955-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை எப்படி மாற்றிவிட்டான் என்பதைப் பற்றி ஒரு பெரிய மாநாடு. அழைக்கப்பட்டவர்களில் பெண் அவர் ஒருவர்தான். இந்தியாவில் தன் தேவைக்கு விளைவித்து உண்ணும் மக்களின் வாழ்க்கைமுறையைப் பற்றிப் பேசினார். காட்டுவாசிகளும் அவர்களுக்குள் பெண்களும் விதையையும் கிழங்கையும் மூலிகையையும் எப்படிக் காத்துவந்தார்கள் என்பதை உலக அறிஞர்கள் முன்னால் வைத்தார். உணவு உற்பத்தியைப் பெருக்கு என்ற ஒரே முழக்கம் ஒலித்த பத்தாண்டுகள் அவை. பஞ்சம் கண்ட நாட்டில் அந்த முழக்கம் தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரே தானியத்துக்காகக் காட்டையும் பல பயிர்களையும் அழித்தால், அடுத்த ரகத்துக்கு வேண்டிய மூலப்பொருளையே அழிக்கிறோம். கரும்பு நிலையத்தில் வேலை செய்தவருக்கு அது தெரிந்திருந்தது.

நம் ஊரிலேயே பார்க்கலாம். இருங்கு சோளம், குதிரைவாலி, காடைக்கண்ணி, நாட்டுக் கம்பு. இவற்றில் எத்தனை இன்று உங்கள் குலுக்கையில் இருக்கிறது? மக்காச்சோளம் விலை தருகிறது, போடுகிறோம். யாரையும் குறை சொல்வதற்கில்லை. 2018-இல் படைப்புழு வந்து மக்காச்சோளக் குருத்தைத் தின்றபோது, மானாவாரிக்காரர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரே பயிரை எல்லாரும் வைத்த இடத்தில் ஒரு புழு வந்தால் போக்கிடம் இருக்காது.

கடைசி ஆண்டுகளுக்கு வருகிறேன். ஜம்முவில் வட்டார ஆய்வகத்திலும், கொஞ்சகாலம் டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்திலும் இருந்துவிட்டு 1970-இல் சென்னைக்கு வந்து தங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதுரவாயல் கள ஆய்வகத்தில் வாழ்ந்தார். வீடும் அதுதான், வேலையிடமும் அதுதான். மூலிகைகள் வளர்த்தார். 1977-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த நேரத்தில்தான் பாலக்காடு மாவட்டத்துச் சைலன்ட் வேலி விவகாரம் கொதித்துக்கொண்டிருந்தது. குந்திப்புழையில் நீர்மின் அணை கட்டினால் 800 ஹெக்டேருக்கு மேல் மழைக்காடு மூழ்கும். எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்தார்கள். 80 வயதுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பள்ளத்தாக்கின் செடிகளுக்குக் குரோமோசோம் கணக்கெடுக்கப் புறப்பட்டார். எது மூழ்கப்போகிறதோ அதன் கணக்கு கையில் இருக்கவேண்டும் என்று நினைத்தார். காட்டு மிளகும் காட்டு ஏலமும் வளரும் மேற்குத் தொடர்ச்சி மலை அது. நம் சிவகிரி மலையும் அதே தொடர்ச்சிதான். நம் அடுப்படிக்கு வரும் மிளகுக்கும் ஏலத்துக்கும் நாளை ஒரு நோய் வந்தால், மருந்துக்கு அந்த மலையில்தான் தேடவேண்டியிருக்கும்.

1984 பிப்ரவரி 7 அன்று மதுரவாயலில் வேலையில் இருந்தபடியே காலமானார். அதே ஆண்டு நவம்பர் 15 அன்று சைலன்ட் வேலியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

அவர் பெயரில் மத்திய அரசு தாவர வகைப்பாட்டியல் விருது ஒன்றை நிறுவியது. கொடைக்கானலில் ரோஜா வளர்த்த வீரராகவன் தம்பதி ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர் எப்போதும் மஞ்சள் புடவை உடுத்துவார் என்பார்கள். ஆனால் அவர் 5 ஆண்டு உழைத்த கோயம்புத்தூர் நம் மாநிலத்தில் இருந்தும், அவர் உயிர் பிரிந்த மதுரவாயல் நம் தலைநகரத்துக்குள் இருந்தும், நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரிவதில்லை. இந்தக் குறையை ஆசிரியர்கள் கவனிக்கவேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. இருங்கு சோளமோ காடைக்கண்ணியோ இப்போதும் ஒரு மூட்டையாவது வைத்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால், தயவுசெய்து உடனே கிளம்பிவிடாதீர்கள். அந்த விதை உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது, எந்தப் பட்டத்தில் விதைக்கிறீர்கள், எத்தனை மழை தாங்குகிறது, ஈ விழுகிறதா என்பதையெல்லாம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். கோவில்பட்டி நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுக்க ஆளுக்கு ஒரு படி விதை தந்தாலும் போதும்.